எழுதியவர் என்ற இடத்தில்

திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கிறது. உன்னுடைய பயனர் கணக்கை நீக்குவதற்காக நான்தான் அமுக்கினேன். அது உடனே நீக்கிவிடவில்லை. இவர் எழுதிய பதிவுகளை என்ன செய்வது என்று கேட்கிறது. எல்லாவற்றையும் அழிக்கலாம், அல்லது வேறொருவர் பெயருக்கு மாற்றலாம். மாற்றுவதற்கான பட்டியலைத் திறந்தால் அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. என் பெயர்.

காலையிலிருந்து அந்தப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். எரிச்சல் எரிச்சலாக வருகிறது. வேறு யார்மேலும் இல்லை, உன்மேல்தான். போய்ச் சேர்ந்தவள்மேல் என்னடி கோபம் என்று அம்மா கேட்கிறாள். உன்னோடு நான்கு வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்திருந்தால் அம்மா அப்படிக் கேட்டிருக்கமாட்டாள்.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன் மண்டி ஒன்றுக்கு நாம் விலைப்பட்டியல் சைட் செய்து கொடுத்தோமே, நம்முடைய முதல் வேலை, அதைப் புதுத் தளத்துக்கு மாற்றப்போகிறார்கள். மாற்றும் பொறுப்பு எங்கள் கம்பெனிக்கு வந்து, அங்கிருந்து என் தலையில் விழுந்திருக்கிறது. நான் இப்போது டீம் லீட். கம்பெனி கோயம்புத்தூரில், நான் திண்டுக்கல்லில், வீட்டு மாடியில். லீட் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. புரோகிராம் கோடு எழுதி மாதக்கணக்காகிறது. காலையில் ஒரு மீட்டிங், அந்த மீட்டிங்கில் பேசியதைப் பற்றி மதியம் ஒரு மீட்டிங். நடுவில் மற்றவர்களுக்கு விதி எழுதுகிறேன். நான் எழுதிய முதல் விதி என்ன தெரியுமா? ஒருவருக்கு ஒரு லாகின். ஒருவருடைய கணக்கில் இன்னொருவர் நுழையக்கூடாது. அதை எழுதும்போது உன் முகம்தான் கண்முன் நின்றது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை மாடியில் நமக்கு ஓர் அறை இருந்தது. நீ ரெட்டியார்சத்திரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாய். கீழே மிஷின் ஓடும் சூட்டில் நம் அறைத் தரையே கொதிக்கும். நான் சைட்டின் தோற்றத்துக்குத் தீம் எழுதுவேன், அது வேலை செய்யப் பிளகின் எழுதுவேன். நீ வாடிக்கையாளர்களோடு பேசுவாய், படம் ஏற்றுவாய், விவரங்களை அடித்துப் போடுவாய். பழனிக்கு வேலையாகப் போனால் வழியில் ஆயக்குடியில் இறங்கி கொய்யா வாங்காமல் திரும்பமாட்டாய். மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுகொண்டே டைப் அடிப்பாய். அந்தக் கீபோர்டை என் கையால் எத்தனை முறை துடைத்திருப்பேன்.

அந்த மண்டி சைட்டுக்கு அட்மின் கணக்கை முதலில் திறந்தவள் நீ. முருங்கை, பிறகு ஒன்று இரண்டு மூன்று, அதுதான் பாஸ்வேர்டு. மண்டிக்கு மட்டுமா, நம் கையிலிருந்த அத்தனை சைட்டுக்கும் அதேதான். எனக்குத் தனியாக ஒரு கணக்கு போட்டுக் கொடு என்று கேட்டால், "இதுலயே வாடி, உள்ள போறதுக்கு ஒரு கதவு பத்தாதா" என்பாய். மண்டி எழுத்தர் சின்னச்சாமி அண்ணனுக்கும் அதையே கொடுத்தாய். அவர் அதை மண்டிக் காலண்டரில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார். சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவர்கள்வரை எல்லாருக்கும் நம் பாஸ்வேர்டு தெரியும்.

உன்னிடம் இன்னொரு வியாதியும் இருந்தது. விலையை எல்லாம் ஒழுங்காக அடித்துவிட்டு, பப்ளிஷை அமுக்காமல் டிராஃப்டில் போட்டுவிட்டுப் போய்விடுவாய். மண்டியிலிருந்து போன் வரும், இன்னும் நேற்றைய விலையே நிற்கிறது என்று. கேட்டால், "சேவ் பண்ணிட்டேனடி" என்பாய். சேவ் பண்ணினால் உனக்குத்தான் தெரியும், ஊருக்குத் தெரியாது என்று நான் கத்துவேன். நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு அந்த இண்டர்வியூ. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனி, இப்போது நான் இருப்பது இல்லை, வேறொன்று. நான் செய்ததைக் காட்டச் சொன்னார்கள். பெருமையாக மண்டி சைட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பதிவின் கீழும் எழுதியவர் என்று உன் பெயர். அடியில் வடிவமைப்பு என்று போட்டு, அதிலும் உன் பெயர். சோதித்துப் பார்க்கப் போட்டதை நீ மாற்றவே இல்லை. யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். நான் ராப்பகலாக உட்கார்ந்து செய்த திருத்தங்கள் வரிசையாக உன் பெயரில் நின்றன. எதிரே இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், "இதுல நீங்க செஞ்சது எதுங்க?" என்று. எல்லாமே நான்தான் சார் என்றேன். என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. வேலை கிடைக்கவில்லை.

திரும்பி வந்து உன்னிடம் கத்தினேன். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்கு. நீ கொய்யாவை ஓரமாக வைத்துவிட்டு, "பேருதானடி, மாத்திக்கயேன்" என்றாய்.

"பேருதானா? அது ஒன்னுதான்டி எனக்கு இருந்துச்சு" என்றேன்.

"அம்புட்டுப் பேரும் என் லாகின்ல வந்து போறீங்க. நான் என்னைக்காவது என்னுதுன்னு சொன்னேனா புள்ள?"

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அடுத்த மாதம் சென்னையில் ஒரு சின்ன வேலை கிடைத்தது, போய்விட்டேன். நீ இரண்டு முறை போன் செய்தாய். எடுக்கவில்லை. மூன்றாவது முறை உன் எண்ணிலிருந்து வந்தபோது எடுத்தேன். பேசியது உன் தம்பி. மூன்று நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது என்றான். எடுக்காத அந்த இரண்டு போனை நினைத்து நான் இன்றும் தவிக்கிறேன். நீ அதற்கும் சிரித்திருப்பாய் என்று தெரிவதுதான் தாங்கவில்லை.

இப்போது கேள். புதுத் தளத்துக்கு மாறும்போது பழைய தீம் வராது, பிளகின்கள் வராது. நான் எழுதிய கோடு மொத்தமும் குப்பைக்கு. ஒரு வரிகூட மிஞ்சாது. எந்த வேலைக்கு என் பெயர் வேண்டும் என்று உன்னோடு முறித்துக்கொண்டேனோ, அந்த வேலையை என் கையாலேயே தூக்கிப் போடுகிறேன். புதுத் தளத்துக்குப் போவதெல்லாம் பதிவுகள் மட்டும்தான். நீ போட்ட தக்காளி, கத்தரி, முருங்கை. நீ போன பிறகும் உன் லாகினிலேயே சின்னச்சாமி அண்ணன் நாள் தவறாமல் போட்டுவரும் விலைகள். நேற்றுகூட நீ விலை போட்டிருக்கிறாய்.

அவருக்குப் புதிதாக ஒரு லாகின் தருகிறேன் என்று போன வாரம் சொன்னேன்.

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்? அந்தப் புள்ள பேருலயே இருக்கட்டுமுங்க. கேரளாக்காரங்க அந்தப் பேரப் பாத்துத்தான் நம்ம வெலைன்னு நம்பி லாரி அனுப்பறாங்க."

"அவ இல்லீங்களேண்ணே" என்றேன்.

"அது நமக்குத் தெரியுமுங்க. வெல போடறதுக்கு அதனால என்னங்க?" என்றார்.

விதிப்படி நான் செய்யவேண்டியது ஒன்றுதான். உன் கணக்கை நீக்கி, பதிவுகளை இந்த வேலைக்காக நான் புதிதாகத் திறந்த கணக்குக்கு, என் பெயருக்கு, மாற்றவேண்டும். அன்று இண்டர்வியூவில் நான் ஏங்கியது அதுதான், இப்போது ஒரே கிளிக்கில் கிடைக்கும். உன் பெயர் நிற்கவேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. உன் மின்னஞ்சலுக்குப் புதுத் தளம் ஓர் அழைப்பு அனுப்பும். வெள்ளிக்கிழமைக்குள் நீ அதைத் திறந்து ஏற்கவேண்டும். ஏற்காவிட்டால் எல்லாம் தானாகவே என் பெயருக்கு வந்துவிடும்.

இன்று வெள்ளிக்கிழமை. பெட்டியை மூடிவிட்டேன், மறுபடி திறக்கவில்லை. அழைப்பை அனுப்பினேன்.

உன் மின்னஞ்சல் மண்டியின் சைட்டோடு சேர்த்து நீ திறந்தது, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. முருங்கை, ஒன்று இரண்டு மூன்று. திறந்துகொண்டது. மாற்று, மாற்று என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். படிக்காத கடிதங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன, எல்லாம் அப்டேட் வந்திருக்கிறது என்ற அறிவிப்புகள். டிராஃப்ட் என்ற இடத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. உன் வியாதி எனக்குத் தெரியுமே. எனக்கு எதையாவது எழுதிவிட்டு அனுப்ப மறந்திருப்பாயோ என்று ஓர் ஆசை. திறந்தேன். வெங்காய விலை, பீட்ரூட் விலை, ஒரு லாரி நம்பர். எனக்கென்று ஒரு வரி இல்லை. அழுதேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் அழுதேன்.

பிறகு அழைப்பைத் திறந்து உனக்குப் பதிலாக நான் ஏற்றுக்கொண்டேன். வரவேற்கிறோம் என்று உன் பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள். பாஸ்வேர்டைக் கட்டாயம் மாற்றவேண்டும், பழையது இனிச் செல்லாது என்றது புதுத் தளம். என்ன போட்டேன் என்று சொல்லமாட்டேன். அதிலும் முருங்கை இருக்கிறது.

மதியம் சின்னச்சாமி அண்ணன் போன் செய்தார். "ஏனுங்க, உள்ள போகமாட்டேங்குதுங்களே."

விதி எழுதியவள் நான். என் வேலைக்கே உலை வைக்கக்கூடிய காரியம் என்று தெரியும். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். "இருங்க, காலண்டர்ல குறிச்சுக்கறேன்" என்றார். குறித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன்.

அரை மணி நேரம் பார்த்தேன், விலை வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "போட்டுட்டேனுங்களே, சேவ் பண்ணிட்டேனுங்க" என்றார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இதையும் நீதான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாய்.

உன் லாகினில் போனேன். தக்காளியில் தொடங்கி எல்லா விலையும் சரியாகத்தான் இருந்தது. நானே பப்ளிஷை அமுக்கினேன். எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர் வந்தது.