வண்டிக் கழுத்தில் பூசிய சந்தனம்

இவ்வளவு இரவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள் அண்ணா. சாயங்காலமே உட்கார்ந்தேன். சில தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகுதான் திட்டாமல் ஒரு வரி எழுத வந்தது. அந்த வரி இதோ முடிந்துவிட்டது. இனி எழுதப்போவதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

என் நகக்கண்ணில் சந்தன வாசனை போகவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன், சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சந்தனத்தோடு வேறொரு நாற்றமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி நிற்பதற்காக அடைப்பார்களே, அந்த மக்கின் எண்ணெய் நாற்றம். அது எப்படி என் விரலுக்கு வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாளை உன் மோட்டார் சைக்கிளுக்கு ஃபிட்னஸ். பரிசோதகர் பார்த்து, இன்னும் ஒரு வருடம் ஓடலாம் என்று சொன்னால்தான் என் வீட்டுக்காரர் விடியற்காலையில் கியூர்பிப் தபால் நிலையத்தில் வேலைக்குப் போய் நிற்க முடியும். நம்ம ஊர் செமின் கிரனியேயிலிருந்து முதல் பஸ் போய்ச் சேருவதற்குள் அங்கே தபால் பைகளைப் பிரித்தே முடித்திருப்பார்கள். அதனால் இவர் செயினுக்கு எண்ணெய் விட்டார், ஹார்னை அடித்துப் பார்த்தார், விளக்குக்குப் புது பல்பு போட்டார். வண்டியைக் கழுவுகிற வேலை எனக்கு. பெட்ரோல் டேங்குக்கு முன்னால், ஹேண்டில் பார் இறங்குகிற கழுத்துக் குழாயில், வருஷா வருஷம் பூசிய சந்தனம் ஓடு மாதிரி காய்ந்திருந்தது. சாமி காரியம், பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்று கரண்டிக் காம்பால் சுரண்டினேன். சந்தனம் உதிர்ந்தது. அதன் அடியில் மக்கு. மக்கைப் பெயர்த்தேன். அடியில் விரிசல். பாதிக் குழாயைச் சுற்றிக்கொண்டு, என் நகம் உள்ளே போகிற அளவுக்கு.

சந்தனத்தை முருகனுக்காகப் பூசினாய், சரி. மக்கு யாருக்காக அண்ணா?

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் நீ கையில் கட்டோடு வந்தாய். கரும்புத் தோட்டத்து வழியில் நாய் குறுக்கே ஓடியது என்றாய். அம்மா மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டே அந்த நாயைச் சபித்தாள். வண்டிக்கு ஒன்றுமில்லை என்று நீ மூன்று தடவை சொன்னாய். அந்த வருஷம்தான் உனக்குப் பக்தி வந்தது. எல்லாரும் விளக்குக்கு மேலே பொட்டு வைப்பார்கள். நீ மட்டும், "மாலை கழுத்துலதானே போடுறோம்? வண்டிக்கும் கழுத்துலதான் வைக்கணும்" என்றாய். நான்தான் சந்தனம் இழைத்தேன். "இன்னும் கெட்டியா, தங்கச்சி. ஒழுகக் கூடாது" என்று பக்கத்தில் நின்றாய். எவ்வளவு பயபக்தி என்று நான் மெச்சினேன்.

ஃபிட்னஸுக்கு என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாயே, நினைவிருக்கிறதா? பரிசோதகர் குனிந்து, டார்ச் அடித்துக்கொண்டே வந்தவர் கழுத்துக்கு வந்ததும் நின்றார். சந்தனத்தின் மேல் வைத்த குங்குமத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "ஆயோ, சா ஸாஃபேர் போன்ஜே. மோ பா தூஸே" என்று கையை இழுத்துக்கொண்டார். கடவுள் விஷயம், நான் தொடமாட்டேன் என்று ஒதுங்கிய அந்த மனிதரின் மரியாதையை நீ உனக்கு மறைப்பாக வைத்துக்கொண்டாய். வழியில் கத்தோ பிமா, அந்த மிளகாய் வடை, வாங்கிக் கொடுத்தாய். காரத்தில் என் கண்ணில் நீர் வர, காற்றில் கத்தினாய்: "பாத்தியா, முருகனுக்கு முன்னால அந்தாளுக்குக் கையே வரல!" நானும் சேர்ந்து சிரித்தேன். என் பரீட்சைக்கெல்லாம் என்னை ஏற்றிப் போனது அதே கழுத்துதான். உன் உயிரை நீ என்னவோ செய்துகொள். என்னை எதற்கு ஏற்றினாய்?

நீ லண்டனுக்குக் கப்பல் ஏறிய அன்று துறைமுகத்தில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் இந்த நாடு நாசமாகப் போகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீ இரண்டையும் செய்தாய். சுதந்திரம் வந்தால் இந்தத் தீவில் பெட்ரோல்கூடக் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே வண்டிச் சாவியை இவர் கையில் வைத்தாய். "மாப்ளே, இது என் உயிரு. இனிமே உங்களது." இவர் உடைந்து போய்விட்டார். கூடப் பிறந்தவன்கூட இப்படிக் கொடுக்கமாட்டான் என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறார். நீ என் குழந்தையைத் தூக்கி டேங்கின் மேல் உட்கார வைத்தாய். பிறகு என் காதோரம், "சந்தனம் மறந்துடாதே. உன் கையாலயே வை" என்றாய். உன் பொய்க்கு என்னைக் காவல் வைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறினாய்.

அன்றிலிருந்து குழந்தைக்கு அந்த டேங்குதான் இடம். ஞாயிற்றுக்கிழமை இவர் அவனை முன்னால் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார். அவன் இரண்டு கையாலும் சந்தனம் பூசிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறான்.

விரிசலை இவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"பெயின்ட் வெடிச்சிருக்கு."

"பெயின்ட்டுக்குள்ளே நகம் போகுமா?"

"இத்தனை வருஷம் தாங்கலையா? ஃபிட்னஸுக்கு அப்புறம் வெல்டிங் பண்ணிக்கலாம்மா. இப்போ சந்தனத்தை வை."

"வைக்கமாட்டேன்."

"உன் அண்ணன் சொல்லாமலா குடுப்பார்? லண்டன்லேர்ந்துகூட வண்டி எப்படின்னுதானே முதல்ல கேக்கிறார்!"

ஆமாம், கேட்கிறாய். பனியைப் பற்றி அரைப்பக்கம், ஆஸ்பத்திரியில் உன் நர்ஸ் சட்டை எவ்வளவு வெள்ளை என்று அரைப்பக்கம், வண்டியைத் துடைக்கிறார்களா என்று ஒரு வரி. இவர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். படித்த உடனே போய்த் துடைப்பார். என் வார்த்தை மனைவியின் வீண் பயம். இரவில் குழந்தை இருமினாலே நான் எழுந்து உட்காருகிறவள், அதனால் இதுவும் அந்தக் கணக்கில் போய்விட்டது. உன் வார்த்தைதான் இவருக்கு வேதம்.

தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் இவருக்கு இந்த எழுத்து தெரியாது. கோயில் வகுப்பில் நீயும் நானும் ஒரே பலகையில் படித்தது, உன்னைத் திட்டுவதற்காவது உதவுகிறது. ஆனால் நீ இவருக்குத் தமிழில் எழுதாதே. பிரெஞ்சில் எழுது. விழுந்தேன், வண்டிக் கழுத்து விரிசல் விட்டது, தெரிந்தே மூடினேன், வெல்டிங் ஆகும்வரை ஏறாதீர்கள், குழந்தையை ஏற்றவே ஏற்றாதீர்கள். இவ்வளவு போதும். பனி வேண்டாம்.

எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கை எப்படிக் கழற்றுவது என்று நீதானே எனக்குக் காட்டினாய். உன்னிடம் கற்றதில் உருப்படியானது அது ஒன்றுதான். இவர் தூங்கிய பிறகு போய்க் கழற்றிவிட்டேன். சேலை முடிச்சில் இருக்கிறது, இடுப்பில் குத்துகிறது. காலையில் வண்டி உறுமாது, இவர்தான் உறுமுவார். கத்தட்டும். தேயிலை லாரிக்காரனிடம் கெஞ்சி மேலே கியூர்பிப்புக்குப் போகட்டும், ஃபிட்னஸ் போனால் போகட்டும். உன் கடிதத்தை இவர் தன் வாயால் படித்துக் கேட்கும்வரை நான் இதைத் தரமாட்டேன். ஆனால் லாரிக்காரன் எத்தனை நாள் ஏற்றுவான் என்று எனக்குத் தெரியாது.

சீக்கிரம் பதில் போடு.