இன்றிரவு மாத்திரை வேண்டாம், அண்ணா

பாகஸ் அண்ணா,

அம்மாவுக்கு மறதி மாத்திரையைத் தொடங்க இன்னும் பதினோரு மணி நேரம் இருக்கிறது. தயவுசெய்து இன்றிரவு கொடுக்காதே. நான் வேலைக்குப் போகிறேன். சோயா தெம்பே பொரித்து மூடி வைத்திருக்கிறேன்.

அம்மா வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டபோது, நாம் இருவரும் "இல்லை" என்றோம். சுர்த்தி அக்கா தினமும் கூடையில் கொண்டுவரும் ஜாமு மூலிகைக் கஷாயத்தை நாம் மருந்தாகவே நினைப்பதில்லையே. அதை டாக்டரிடம் சொல். அம்மாவின் பழைய வயிற்றுப்புண்ணையும் சொல்.

"நாலு வருஷம் பார்மசி படிச்சதுக்கு, பொறு பொறுன்னு சொல்லத்தான் தெரியுமா?" என்று நேற்று கத்தினாய். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுச் சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால்.

நிங்ரும்

பி.கு.: இந்த மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கலாம். முதலில் ஈசிஜி எடுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. "அவன்கிட்ட சொல்லாதடி, பயந்துடுவான்" என்று அம்மா என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். மறுநாள் கெஞ்சியதையும் மறந்துவிட்டாள், நடந்ததையும் மறந்துவிட்டாள். இனி நான் மட்டும்தான் சொல்ல முடியும்.

செவ்வாய்க்கிழமை அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தாள்.