டோன் இல்லை என்றது மோடம்

அக்கா,

இந்தக் காகிதம் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க உங்கள் மோடத்தைத்தான் மேலே வைத்திருக்கிறேன். சாம்பல் நிறப் பெட்டி. முன்னால் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள், இப்போது எதுவும் எரிவதில்லை. ஓரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. என் விரல்தான். ஹோலிப் பொடி. நீங்கள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். டெல்லி கிட்வாய் நகரில் உங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே, நாவல் மரத்தடியில் இஸ்திரி போட்டவன். ஒரு தபால் கார்டு எழுத வேண்டுமென்றாலும் ஆள் தேடி அலைந்தவன். இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். டீ எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம்.

மருமகன் சிரிக்கிறார். "அந்தம்மாதான் போய்ச் சேந்துட்டாங்களே மாமா, லெட்டர யாரு படிப்பா?" என்கிறார். "படிக்கிறத அவங்க பாத்துக்குவாங்க. எழுதறத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் இதைவிடக் காரமாகச் சொல்லியிருப்பீர்கள்.

மோடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த சைபர் கஃபேதான் முதலில் நினைவுக்கு வருகிறது. என் மகள் மல்லிகா அப்போது மஸ்கட்டில் நர்ஸ். புசா ரோடு பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண், தமிழில் முத்து முத்தாக எழுதுவாள். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, நீங்கள் திறந்து கொடுத்த ஈமெயிலுக்கு அனுப்புவாள். அவள் தங்கியிருந்த விடுதியில் போன் செய்தால் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். அவளாக எப்போதாவது பேசினால்தான் உண்டு.

அன்றைக்கு நீங்கள் ஆபீசிலிருந்து வரும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. வழக்கமாக நாம் சேர்ந்து போகும் மார்க்கெட் கஃபேக்கு, நீங்கள் எழுதிக் கொடுத்த பாஸ்வேர்டுச் சீட்டோடு தனியாகப் போனேன். கடைக்காரன் கடிதத்தைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். மல்லிகா "அப்பா, நல்லா இருக்கியா" என்று எழுதியிருந்தாள். அவன் வாயில் அது "ஆபா, நாலா" என்று வந்தது. இந்தியில் நாலா என்றால் சாக்கடை. "லட்கி பாப் கோ நாலா போல் ரஹீ ஹை!" என்றான். மகள் அப்பனைச் சாக்கடை என்கிறாளாம். கடையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், அக்கா. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவன் அச்சடித்துக் கொடுத்த தாளை உங்களிடம் நீட்டியபோது நடந்ததைச் சொன்னேன். நீங்கள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அப்படியே திரும்பி மார்க்கெட்டுக்கு நடந்தீர்கள், நான் பின்னால் ஓடி வந்தேன்.

"பேட்டி நே பாப் கோ லிக்கா ஹை. தும் கோன் ஹோ ஹன்ஸ்னேவாலே?" பெண் அப்பனுக்கு எழுதியது, சிரிக்க நீ யார் என்று கேட்டீர்கள். அவன் "மஜாக் தா, ஆன்ட்டி" என்று, ஏதோ வேடிக்கைக்குச் செய்தது போல இழுத்தான். உங்கள் காதில் அது ஏறவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னீர்கள்: "இனிமே இந்தக் கடைப் படிய நாம மிதிக்கப் போறதில்ல, தம்பி. இன்டர்நெட்ட என் வீட்டுக்கே கூட்டியாரேன்."

மரத்தடியில் நின்று அந்தத் தாளை வாசித்தீர்கள். "அப்பா, நல்லா இருக்கியா. நான் இருக்கேன். இப்போ வலி இல்லை. கவலைப்படாதே." நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி என்று முன்பு போனில் அழுதிருந்தாள். வலி இல்லை என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாளே மலை மந்திர் போய் முருகனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

உங்கள் கம்ப்யூட்டர் நேரு பிளேஸில் வாங்கிய பழசு. கடைக்காரர்கள் திருட்டு விண்டோஸைச் சும்மாவே போட்டுத் தருகிறோம் என்றார்களாம். வேண்டாம் என்று வந்துவிட்டீர்கள். ஏதோ பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் போட்டீர்கள். திறந்தால் மூலையில் ஒரு வாத்து உட்கார்ந்திருக்கும். "அது வாத்தில்ல தம்பி, பென்குயின்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! எனக்கு இன்றும் அது வாத்துதான்.

உள்ளே ஒரு மோடம் இருந்தது. உயிர்தான் இல்லை. அது பாதி மோடம் என்றும், மீதிப் பாதி விண்டோஸுக்குள் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். ஒருநாள் மாடி பால்கனியிலிருந்து கத்தினீர்கள்: "தம்பி, எல்லாம் இருக்கு. டிரைவர்தான் கிடைக்க மாட்டேங்கு! டிரைவர் இல்லாம ஓடாது!"

இவ்வளவுதானே என்று நினைத்தேன். இஸ்திரிப் பெட்டியிலிருந்த கரியைக் கொட்டிவிட்டு டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஜீத் சிங் அப்போதுதான் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். "ஜல்தி, ஜல்தி" என்று அரைத் தலைப்பாகையோடு இழுத்து வந்து உங்கள் வாசலில் நிறுத்தினேன்.

"கஹான் ஜானா ஹை, பெஹன்ஜி?" என்று, எங்கே போக வேண்டும் என்று கேட்டார் அவர்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அவரைப் பார்த்தீர்கள். கம்ப்யூட்டரைப் பார்த்தீர்கள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு! கம்ப்யூட்டருக்குள்ளும் டிரைவர் என்று ஒன்று உண்டு, அதுதான் மோடத்தை ஓட்டும் என்று நீங்கள் விளக்கியதும் ஜீத் சிங்குக்குப் பெருமை தாங்கவில்லை. "அதுக்கும் எங்க ஆளுதானா!" என்று இந்தியில் சொல்லி மீசையைத் தடவினார். டீ கொடுத்தீர்கள். கடைசியில், "வந்ததுதான் வந்தாரு, சும்மா அனுப்புவானேன்" என்று அவர் வண்டியிலேயே நேரு பிளேஸ் போய், வெளியே வைக்கிற இந்தப் பெட்டியை வாங்கி வந்தீர்கள். இது முழு மோடம், இதற்குத் தனி டிரைவர் வேண்டாம் என்றீர்கள். டிரைவர் கிடைத்ததால் வந்த மோடத்துக்கு டிரைவர் தேவையில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

ஆனால் அதுவும் ஓடவில்லை. ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரையில் ஒரே பதில். டயல் டோன் இல்லை. "இல்லையாம், தம்பி" என்று நீங்கள் படித்துச் சொல்வீர்கள். பிளக்கை மாற்றினீர்கள், ஒயரை மாற்றினீர்கள். ஹோலி வந்துவிட்டது.

ஹோலி அன்று மத்தியானம் வரை டெல்லியில் பஸ் ஓடாது, கடை திறக்காது. முகமெல்லாம் ரோஸ் பொடியோடு உங்களுக்கும் பூசலாம் என்று ஏறி வந்தேன். நீங்கள் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தீர்கள்.

"உள்ள வா, தம்பி. நான் தப்பாப் படிச்சுட்டேனோன்னு இருக்கு."

"எதையக்கா?"

"வி, ஏ, எல், ஐ. நான் வலின்னு படிச்சேன். அத வழின்னும் படிக்கலாம். ழவுக்கு இங்கிலீஷ்ல எழுத்தே கிடையாதே. வலி இல்லன்னு எழுதினாளா, வழி இல்லன்னு எழுதினாளா?"

லீவு கேட்டிருக்கிறேன், வழி இருந்தால் வருகிறேன் என்றும் அவள் போனில் சொல்லியிருந்தாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வழி இல்லை என்று என் மகள் எழுதியிருக்க, நான் தேங்காய் உடைத்திருக்கிறேன்.

"அழுதா மோடம் வேலை செய்யாது. எந்திரி" என்றீர்கள். "மத்தியானத்துக்குள்ள லைன் வரலைன்னா பஸ் ஏறி வேற எங்கயாவது ஒரு கஃபேக்குப் போவோம். அதுவரைக்கும் இத விடமாட்டேன்."

மறுபடியும் அதே பதில். டோன் இல்லை. நான் பொறுக்க மாட்டாமல் போன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். டோன் தெளிவாகக் கேட்டது. உங்களிடம் நீட்டினேன்.

"இருக்கே!" என்றீர்கள். "நமக்குக் கேக்கு. இதுக்குக் கேக்கல. இது வேற ஏதோ ஊரு டோனுக்குப் பழகின மெஷினு. நம்ம ஊரு டோன் இதுக்கு டோனாவே தெரியல."

ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் படித்தது எதுவோ நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. "எக்ஸ் த்ரீ" என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தீர்கள். அது என்னவென்று கேட்டேன். "டோனுக்காகக் காத்துக்கிட்டு நிக்காத, பேசாம டயல் பண்ணுன்னு சொல்லுதேன்" என்றீர்கள். எனக்கு அது மெஷினுக்குச் சொன்னதாகப் படவில்லை.

டயல் பண்ணியது, அக்கா! மேசை ஓரத்திலிருந்து விழப்போன பெட்டியை நான் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சூடான இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் பட்டால் சீறுமே, அப்படி ஒரு சீறல். பிறகு கீச்சென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. விளக்குகள் எல்லாம் எரிந்தன. நீங்கள் கைதட்டினீர்கள். உங்கள் முகத்தில் பொடி பூச வந்ததையே நான் மறந்துவிட்டேன்.

என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். "வலியா வழியான்னு கேளுங்கக்கா" என்றேன். ழவுக்கு இசட்டும் எச்சும் சேர்த்துப் போடச் சொல்லி அவளுக்கு எழுதினீர்கள். லைன் அறுந்து அறுந்து போயிற்று. விடாமல் டயல் செய்தீர்கள். மத்தியானம் பதில் வந்தது. நீங்கள் மெதுவாகத்தான் வாசித்தீர்கள்.

"வலி இருக்கு, அப்பா. வழிதான் இல்லை."

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒப்பந்தம் முடிந்தும் விட மாட்டேன் என்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் தலையில் கை வைத்தேன். நீங்கள் வைக்கவில்லை. "வழி இல்லன்னு அவனுவ சொல்லுதானுவ. இந்த மோடமும் டோன் இல்லன்னுதான் சொல்லிச்சு" என்றீர்கள். அன்றிலிருந்து தூதரகத்துக்கு, அமைச்சகத்துக்கு, அந்த ஆஸ்பத்திரிக்கே என்று எழுதிக்கொண்டே இருந்தீர்கள். எங்கள் வேலை இல்லை என்று பதில் போட்டார்கள். மேலிடம் மூலமாக எழுதுங்கள் என்றார்கள். அக்கம்பக்கத்தில், "சொந்தப் பொண்ணா? உங்களுக்கு எதுக்கு மேடம் இது?" என்று கேட்டார்கள். நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் மாடியிலிருந்து அந்தச் சீறல் கேட்கும். அக்கா டயல் பண்ணிவிட்டார்கள் என்று கீழே எனக்குத் தெரிந்துவிடும். கரியை விசிறிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியில் தூதரகமே பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுக்க, மறுபடியும் நாவல் பழம் உதிரும் முன்பே மல்லிகா வந்து இறங்கினாள். ஏர்போர்ட்டுக்கு ஜீத் சிங்கைத்தான் கூப்பிட்டோம். "இப்பதான் நெசமாவே டிரைவர் வேணும்" என்றீர்கள்.

ரிட்டையராகிப் பாளையங்கோட்டைக்குக் கிளம்பும்போது இந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தீர்கள். "இனிமே இது எதுக்கும் ஆகாது. பேப்பர் பறக்காம மேல வச்சுக்கோ" என்றீர்கள்.

"என்கிட்ட ஏதுக்கா பேப்பரு?"

"வரும், வச்சுக்கோ."

வந்துவிட்டது, அக்கா. உங்கள் சாவுச் செய்தி போனில் வந்த அன்று ஒரு இரங்கல் கார்டு எழுதவும் எனக்குக் கை இல்லை. அன்றே மல்லிகாவிடம் எழுதக் கற்றுக் கொடு என்றேன். "அ-விலிருந்து ஆரம்பிக்கலாம்பா" என்றாள். முடியாது என்றேன். முதலில் ழ. அந்த ஒரு எழுத்து இல்லாமல்தானே என் மகள் அங்கே நின்றாள். சுழித்துக் கீழே இறக்குவதற்குள் விரல் வலித்தது. ழ வந்த பிறகுதான் அ-வுக்கு வழி விட்டேன். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று ஆர்.கே.புரத்தில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. கேட்கட்டும்.

போன மாதம் பேங்கில், என் முதியோர் பென்ஷன் தாளைப் பார்த்ததுமே கவுண்டரில் இருந்த பெண் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள். நான் திருப்பித் தள்ளினேன். மறுபடி தள்ளினாள். "பேட்டி, கலம் தோ" என்றேன். பேனாவை வாங்கி என் பேரைத் தமிழிலேயே எழுதினேன். பின்னால் வரிசையில் "ஜல்தி கரோ, பாபா" என்று ஒருவன் கத்தினான். இன்னும் மெதுவாக எழுதினேன். அவ்வளவு சந்தோஷம்!

என் கட்டைவிரல் ரேகை இனி இந்த மோடத்தில் மட்டும்தான் இருக்கும்.

இந்தத் தாளை மடித்து உங்கள் பாளையங்கோட்டை விலாசத்தை எழுதப்போகிறேன். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை, கடிதம் திரும்பி வந்துவிடும் என்கிறார் மருமகன். அந்தப் பக்கம் டோன் இல்லை என்று எனக்கும் தெரியும், அக்கா.

டயல் பண்ணிவிட்டேன்.