யாரும் பக்கத்தில் உட்காராத பெண்

என் கண்ணுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நீ, மருமகள், பாப்பா மூன்று பேரும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் எழுந்ததும் நினைக்கிறேன். இங்கே நாங்கள் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கொஞ்ச நாளைக்கு டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். போன தடவை பேசும்போது ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன். ஜலதோஷம் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அப்பா பதறிப்போவார், அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி விடுமுறையில் இறந்துபோனாள். தானே தேடிக்கொண்ட சாவு. எந்நேரமும் பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பாள் என்று பிள்ளைகள் அவளைத் தாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் வகுப்பில் எச்சில் வழிய அசந்து தூங்கியபோது யாரோ படம் எடுத்து, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, அதற்கு ஆளுக்கொரு வசனம் எழுதி, மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகள் நலப் பொறுப்பு என்று என் பேரைத்தான் போட்டிருக்கிறார்கள், எனக்கும் தெரியாது. படம் எடுத்தது அதே வகுப்பில் வாலிபால் ஆடுகிற உயரமான பெண், நெட்டை என்று கூப்பிடுவார்கள். சிரித்தது வகுப்பு முழுக்க. விஷயம் வெளியே வந்ததும் சிரித்தவர்கள் அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள், பழி முழுக்க நெட்டை தலையில் விழுந்தது.

அவளைக் கொஞ்ச நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். வேறு பள்ளி எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்தாள். வந்த அன்றைக்கே அவள் பெஞ்சில் கொலைகாரி என்று காம்பஸ் முனையால் கீறி வைத்திருந்தார்கள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் என் முகத்துக்கு நேராகவே, செத்தவளை யாரும் கவனிக்கல, இவளுக்கு மட்டும் என்ன கவனிப்பு வேண்டிக்கிடக்கு என்றாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் நெட்டையின் முகத்தைப் பார்க்கவே கசப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் மத்தியான இடைவேளையில் லேபுக்கு வா, இங்கேயே சாப்பிடு என்று சொன்னேன். வருவாள், டப்பாவைத் திறப்பாள், அப்படியே மூடுவாள். நான் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருப்பேன், அவள் துடைத்து அடுக்குவாள். அப்படியிருக்கும்போது ஒருநாள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, டீச்சர் நானும் போயிட்டா எல்லாருக்கும் சரியாயிடும்ல என்று கேட்டாள். ஏதோ நாளைக்கு லீவு எடுக்கட்டுமா என்று கேட்பது மாதிரி கேட்டாள். ஆகாதும்மா, யாருக்கும் எதுவும் சரியாகாது என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் அவளை ஒரு நிமிஷம் தனியாக விடவில்லை. அவள் அப்பா டயர் கடை வைத்திருக்கிறார், போன் செய்ததும் கைக் கறையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார். வீட்டில் இவ அம்மா இவளோட பேசுறதே இல்லீங்க என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று பேருமாக மனநல டாக்டரிடம் போனோம். இப்போது வாராவாரம் போகிறாள், மாத்திரையும் உண்டு.

போன வாரம் தாளத்தின் அம்மா, மகள் பள்ளியில் விட்டுப்போன ஷூவும் ஜியோமெட்ரி பாக்ஸும் வாங்கிப்போக வந்தாள். வருகிறாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் நெட்டையின் தோளில் கை போட்டு வராந்தாவில் கூட்டிக்கொண்டு போகிறேன், எதிரே அவள் நிற்கிறாள். நெட்டையை அவள் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்தாள். என் பொண்ணு தோள்ல இந்தக் கை இருந்திருந்தா, என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் போய்விட்டாள். கையை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நெட்டைக்கு அது வேறொன்றைச் சொல்லியிருக்கும். அந்த அம்மாவுக்கு அதற்கப்புறம் எத்தனையோ தடவை போன் செய்துவிட்டேன், எடுப்பதில்லை. எடுத்தால் என்ன சொல்வேன் என்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

வேலையை விட்டுவிடு என்று நீ சொல்வாய். இப்போது முடியாது. நாளைக்கு வருவியா என்று நெட்டையைத் தினமும் கேட்டுத்தான் அனுப்புகிறேன். ம் என்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு ம்மை வாங்கிக்கொண்டுதான் நான் பஸ் ஏறுகிறேன்.

பாப்பாவும் பெரிய பள்ளிக்குப் போகப்போகிறாள். உன்னை யாராவது கேலி பண்ணாங்களா என்று நீ கேட்பாய், எல்லாரும் அதைத்தான் கேட்கிறோம். நீ யாரையாவது பார்த்துச் சிரிச்சியா என்றும் கேள், திட்டாமல் கேள். மருமகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அப்பாவுக்குப் பாதி விஷயம்தான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கண்ணைப் பற்றி மட்டும் விசாரி. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு நீண்ட காலம் இருக்க வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா