கோதண்டம் ஐயாவின் சிதம்பரம் பக்கம்

நவ. 3, திங்கள்

மழை. சிதம்பரத்தில் பஸ் ஏறவே அரை மணி தாமதம். கடலூரில் இறங்கியபோது குடை பஸ்ஸிலேயே. இந்த வருடம் மூன்றாவது குடை.

இன்றிலிருந்து முதியோர் இல்லத்தில் நான்தான் இன்சார்ஜ் சிஸ்டர். படுக்கை வார்டுக்குப் பகலில் இரண்டு ஆயாக்கள். ராஜேஸ்வரி அக்கா, பதினோரு வருடமாக இங்கேயே. செல்வி, சேர்ந்து நான்கு மாதம். முன்பிருந்தவரைவிட நான் நன்றாக நடத்துவேன். ஆறு வருடம் கூடவே இருந்து பார்த்தவள், எனக்குத் தெரியாதா.

செய்ய வேண்டியவை: மருந்து அலமாரிக்குப் பூட்டு. குளியலறைக் கைப்பிடி. திரைச்சீலை துவைக்க. புதுக் குடை.

நவ. 4, செவ்வாய்

வெயில் சுள்ளென்று. நாளை டிரஸ்டிகள் வருகிறார்கள்.

கோதண்டம் ஐயாவுக்குக் காலையில் இரண்டு இட்லி. ஓய்வு பெற்ற கண்டக்டர், கடலூர்–சிதம்பரம் ரூட்டிலேயே காலம் கழித்தவர். பக்கவாதம். புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். கனத்த உடம்பு, இரண்டு ஆள் வேண்டும். ஜன்னல் பக்கம் திருப்பினால் கடலூர், சுவர்ப் பக்கம் திருப்பினால் சிதம்பரம். அவர் வைத்த பெயர்தான், இப்போது நாங்களும் அப்படியே. திருப்பி முடித்தால் “ரைட், போலாம்” என்பார்.

ஒவ்வொரு முறை திருப்பியதும் டிக் போட வேண்டிய அவர் சார்ட்டில் அக்கா காலை எட்டு மணிக்கே மாலை ஆறு வரைக்கும் டிக் போட்டுவிட்டார். ஏன் என்றேன். “அப்பறம் கை ஈரமா இருக்கும் சிஸ்டர், பேனா தேட நேரம் இருக்காது. அதுக்காக வேலைய விட்டுடுவமா?” விடமாட்டார், உண்மை. இங்கே எல்லோரும் செய்வதுதான். நானும் காலையிலேயே கீழே கையெழுத்து.

நவ. 5, புதன்

அமோகம். செல்வியைக் காலையிலிருந்தே முன் ஹாலுக்கு எடுத்துக்கொண்டேன். திரை மாட்ட, பூ வைக்க, டீ கொடுக்க. ஒரு டிரஸ்டி சார்ட்டைப் புரட்டிவிட்டு, ஒரு கட்டம்கூட விடுபடவில்லை, புது இன்சார்ஜ் வந்ததும் இடமே மாறிவிட்டது என்றார். மேனேஜர் சார் முகத்தில் சிரிப்பு, அபூர்வம்.

திரும்பும்போது ஜன்னல் சீட். புதுச்சத்திரம் தாண்டும்வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து அம்மாள் ஒரு மாதிரி பார்த்தார்.

நவ. 6, வியாழன்

மூட்டம். உடம்பு துடைக்கும்போது அக்கா கூப்பிட்டார். குரலே சரியில்லை.

ஐயாவின் வலது இடுப்பெலும்பு மேல் உள்ளங்கை அளவு சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. புண் தொடங்கும் அடையாளம். நல்லவேளை, தோல் உரியவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். அந்தப் பக்கம் படுக்கவே கூடாது, காப்பாற்றிவிடலாம் என்றார்.

ஐயாவிடம் மெதுவாகக் கேட்டேன். “நேத்து பூரா வண்டி சிதம்பரத்துலயே நின்னுச்சும்மா. தள்ள ஆளு இல்ல.”

நேற்றைய சார்ட்டில் பார்த்தால் எட்டு, பத்து, பன்னிரண்டு, எல்லாம் டிக். கீழே என் கையெழுத்து.

அக்காவைக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். “ஒண்டியா ரெண்டு தடவ திருப்பிப் பாத்தேன். கட்டில்லேந்து உழுந்துடுவாரோன்னு பயம். செல்விய கேக்கத்தான் ஹாலுக்கு வந்தேன். நீங்க என் கையில டீ ட்ரேய குடுத்துட்டீங்க.”

கொடுத்தேன். ஞாபகம் இருக்கிறது. அவர் வாயைத் திறப்பதற்குள் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது.

மதியம் மேனேஜர் சார் கூப்பிட்டார். சனிக்கிழமை ஐயாவின் மகள் வருகிறாராம். டிக் போட்டது ராஜேஸ்வரி, அவரை நிறுத்திவிட்டோம் என்று சொல்லிவிடலாம் என்றார். பதினோரு வருடத்துக்கு ஒரே வரி. நாளைக் காலையில் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நவ. 7, வெள்ளி

நல்ல மழை. புதுக் குடை வேலை செய்கிறது.

பத்து மணிக்கு சார்ட்டோடு மேனேஜர் அறை. “டிக்கு அக்காது சார். கையெழுத்து என்னுது. செல்விய வார்டுலேந்து எடுத்ததும் நான்தான். அனுப்பறதுன்னா ரெண்டு பேரயும் அனுப்புங்க.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார். அப்படியானால் மகளிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார். அக்கா வேலை தப்பியது. என்னுடையதும், இப்போதைக்கு.

இன்றிலிருந்து: திருப்பிய பிறகே டிக், இரண்டு பேரும் பெயர் எழுதி. யார் வந்தாலும் வார்டிலிருந்து ஆளை எடுப்பதில்லை. ஆள் குறைந்தால் நானே தள்ளப் போவேன், எந்த வேலையில் இருந்தாலும் கூப்பிடலாம். எல்லோர் முன்னாலும் சொன்னேன். பிறகு பார்த்தால் அக்கா பேனாவைக் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார், கட்டுத்துணியைக் கிழித்து.

நவ. 8, சனி

வெயிலும் தூறலும். செல்வி லீவு.

சிவப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. மகள் ஒன்றரைக்கு வந்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். போர்வையை விலக்கித் தானே பார்த்தார். நன்றாகத் திட்டினார், திட்ட வேண்டியதுதான். இனிமேல் யார் பொறுப்பு என்றார். நான் என்றேன். ஹாலில் போய் உட்கார்ந்தார், முகம் இறுகியே இருந்தது.

அவருக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். பின்னாலிருந்து அக்கா குரல், ஹாலுக்கே கேட்கும்படி.

“சிஸ்டர், ட்ரேய கீழ வைங்க. மணி ரெண்டு.”

வைத்துவிட்டு ஓடினேன்.