மகேஷின் தொட்டியில் பாசி

தாராவி,
வியாழக்கிழமை.

அன்பு மகள் முத்துமாரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அம்மா காதில் விழும். அதனால் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தோல் வெட்டுகிற பலகை மேல் வைத்து எழுதுகிறேன். நாலாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நீ, எழுத்துக் கூட்டியாவது படித்துவிடு. வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

உன் தம்பி மகேஷ் டெங்குவில் விழுவதற்கு மூன்று வாரம் முன்னால் மீன் தொட்டி வைத்தானே, உனக்குப் போட்டோகூட அனுப்பினான், முதலில் அதைப் பற்றி எழுத வேண்டும். மண் போட்டு, மரக்கட்டை வைத்து, விதவிதமாகச் செடி நட்டு, ஆறு குட்டி மீன் விட்டிருந்தான். கண்ணாடியில் பழுப்பாகத் தூசி படிந்தபோது, புதுத் தொட்டின்னா அப்படித்தான்ப்பா வரும், தானா போயிரும் என்று எனக்கே பாடம் எடுத்தான். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவனுக்குக் கிடைத்தது அந்த மூன்று வாரம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து அவனைக் கிடத்தியதும் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான், நம் வீட்டில் வேறு இடம் ஏது. கிடத்திய இடத்தில் பதினாறு நாளும் விளக்கு அணையக் கூடாது என்பது நம் வழக்கம். இரண்டாம் நாள் விடியக்காலம் அம்மா உட்கார்ந்தபடியே அசந்துவிட்டாள், விழித்துப் பார்த்தால் விளக்கு அணைந்து கிடந்தது. பிள்ளையை இருட்டுல விட்டுட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்து, தொட்டிக்கு மேலே இருந்த லைட்டைப் போட்டாள். பதினாறு முடிந்து எண்ணெய் விளக்கை எடுத்த பிறகும் அந்த லைட்டை அணைக்க விடவில்லை. ராவும் பகலும் இரண்டு மாதம் எரிந்தது.

பாசிக்கு வேறென்ன வேண்டும். முதலில் கண்ணாடி பச்சையானது, பிறகு தண்ணீரே பச்சையானது, அப்புறம் தலைமுடி மாதிரி நூல் நூலாகக் கிளம்பி ஒவ்வொரு செடியையும் மூடியது. மீன் நாலு செத்து மிதந்தது. ஒரு மீன் சாகிற அன்றைக்கு அம்மா சோற்றைத் தொட மாட்டாள். சயான் பக்கம் மீன் கடை வைத்திருக்கும் தாஹிரிடம் போனேன், மகேஷ் செடி வாங்கியது அவனிடம்தான். லைட் கித்னா கண்டா ஜல்தா ஹை, எத்தனை மணி நேரம் எரிகிறது என்று கேட்டான். இருபத்துநாலு மணி நேரமும் என்றேன், சிரித்துவிட்டான். காரணத்தைச் சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தான். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் போதும், அதற்கு மேல் எரிவது பாசிக்குத்தான் தீனி என்றான். இதை எப்படி அவளிடம் போய்ச் சொல்வேன்? சாதாரணக் காச்சல்னு நெனச்சு என் பிள்ளையை நானே கொன்னுட்டேன் என்று துட்டி விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லி அழுதவளிடம், இந்தத் தொட்டியையும் நீதான் சாகடிக்கிறாய் என்று சொல்ல முடியுமா? லைட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்தேன். பாதித் தண்ணீரை மாற்றினேன், மீனுக்குத் தீனியைக் குறைத்தேன். பழைய டூத்பிரஷ்ஷில் பாசியைச் சுற்றி இழுக்கச் சொன்னான் தாஹிர். வீட்டில் பழசு என்று இருந்தது மகேஷுடையது, நான் கடையில் புதிது வாங்கிக்கொண்டேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய் சொன்னேன். செடிக்கான உரத்தை அளவு தெரியாமல் ஊற்றிவிட்டேன், அதனால்தான் இவ்வளவு பாசி, தொட்டியை மூன்று நாள் மூடி இருட்டில் வைக்கச் சொல்கிறான் தாஹிர் என்றேன். ஒங்களுக்கு எதுலதான் அளவு தெரிஞ்சிருக்கு என்று ஆரம்பித்து, என் வம்சத்தையே இழுத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஒன்றரை மாதமாக வாயே திறக்காதவள் திட்டியதைக் கேட்டு எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. லைட்டை நான்தான் அணைத்தேன். போர்வையால் நாலு பக்கமும் மூடும்போதுதான் என்ன செய்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. அன்றைக்கு அவனையும் இப்படித்தானே மூடினோம். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மூன்று நாளும் அந்தப் போர்வைக்குப் பக்கத்திலேயே தரையில் கிடந்தாள். நேற்று எடுத்தோம். பாசி பாதிக்கு மேல் வெளுத்துப் போயிருந்தது, கூடவே செடிகளும் அழுகியிருந்தன. மரக்கட்டையில் கட்டிய தடித்த இலைச் செடி ஒன்றும் இரண்டு மீனும்தான் மிச்சம். நான் அழுகலைப் பொறுக்கிப் போட்டேன், அவள் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீனும் செடியும் ராத்திரி தூங்க வேண்டுமாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன். மதியம் போட்ட லைட்டைச் சாயங்காலம் ஏழு மணிக்கு அவளே அணைத்தாள். அணைத்துவிட்டும் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றாள்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். பதினாறு கழிந்த மறுநாள் நீ போனில், நான் நர்ஸ் வேலை பாக்கேன்லா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, மொத நாளே ஏன் ரத்தம் எடுத்துப் பாக்கல என்று அம்மாவிடம் கேட்டாய். கேட்டதில் தப்பில்லை. அன்றிலிருந்துதான் அவள் உன் போனுக்கு வருவதில்லை, வீட்டிலும் பேச்சு நின்றுபோனது. மாரி, முதல் நாள் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவள் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்த அலுப்பில், வெறும் காச்சல்தான, மாத்திரையக் குடு, நாளைக்குப் பாப்போம் என்று அவளை உட்கார வைத்தது நான். மறுநாளும் அப்படிச் சொன்னது நான்தான். துட்டிக்கு வந்தவர்கள் கேட்டபோது அவள் முந்திக்கொண்டு பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனை நான் அவள் காதில் வைக்கிறேன். அப்பா எல்லாவற்றையும் எழுதிவிட்டார் என்று சொல். ஒங்கப்பா என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுதாரு என்பாள், நம்பிவிடாதே. உரம் ஊற்றினேன் என்றதுதான் பொய். இது பொய் இல்லை. அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவளோடு பேசு.

நம் குலசாமி உனக்குத் துணையாக நிற்கட்டும், ஒரு குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். காய்ச்சல், சளி என்றால் அசட்டையாக இருக்காதே, இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பாசி வந்தது லைட்டால் என்று அம்மாவுக்கு என்றைக்கும் தெரியக் கூடாது. கேட்டால், அப்பா உரத்தை ஊற்றிக் கெடுத்தார் என்றே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
சொரிமுத்து