அன்று சாயந்திரம் நீ செய்த போன்

உன் ரிங் லைட்டைப் போட்டால் என் வீட்டிலும் வயல் பூச்சி வருகிறது. புடவை காட்டி விற்க போனில் லைவ் போடுவதற்காக நீ வாங்கிய அந்த வட்ட விளக்கை, உன் வீட்டுக்காரர் போன மாதம் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். உங்களிடமே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதைத் தொடாமலே வைத்திருந்தேன். வியாழக்கிழமை ஒரு வீடியோ காலுக்காக வேறு வழியில்லாமல் போட வேண்டியதாயிற்று. வெளிச்சம் முகத்தில் விழுந்ததும், சேவூரில் உன் முன்னறையில் புடவைக் குவியலுக்கு நடுவில் நீ உட்கார்ந்து, கன்னத்தில் ஒட்டிய பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டே பார்டரைப் பாருங்க என்று கத்துவது கண்முன் வந்தது. உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உன்னைத் திட்டவும் வேண்டும்.

நான் அரிசி மில் ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஆரம்பித்தது இது. படித்தது பி.ஏ. தமிழ். கம்ப்யூட்டர் என்றால் பில் அடிக்கத் தெரியும், பிரிண்டர் நின்றுவிட்டால் பக்கவாட்டில் தட்டத் தெரியும். தன் மகள் கல்யாணத்துக்கு உன்னிடம் புடவை எடுத்த சென்னை அம்மாள் ஒருவர், ஓர் இணைய இதழின் ஆசிரியர். தொழில்நுட்பத்தை எளிய தமிழில் எழுத ஆள் கிடைக்கவில்லை என்று போனில் பேச்சுவாக்கில் உன்னிடம் சொன்னார். பக்கத்தில் நான் புடவை மடித்துக்கொண்டிருக்கும்போதே, "எங்க ஊர்லயே ஒருத்தி இருக்கா மேடம். கம்ப்யூட்டர்ல அவளுக்குத் தெரியாததே இல்ல" என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. நீ போனை வைத்ததும் கத்தினேன். "சும்மா பேஜார் பண்ணாதடி. கேட்டு எழுதினா ஆச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த புடவையை விரித்தாய்.

முதல் கட்டுரையே, வைஃபை ரவுட்டரை வீட்டில் எங்கே வைப்பது என்பது. என் வீட்டில் வைஃபையே கிடையாது. ஆரணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கேபிள்காரர் கடையில் போய் உட்கார்ந்து, என்னைப் பார்த்தாலே அவர் ஷட்டரை இறக்கிவிடும் அளவுக்குக் கேள்வி கேட்டேன். எழுதியதை உன்னிடம் வாசித்துக் காட்டினால் நீ பாதியில் தூங்கிவிட்டாய். நீ தூங்கிய இடத்திலிருந்து மாற்றி எழுதினேன். கட்டுரை வெளியானது. பிறகு வாரம் ஒன்று என்று ஆயிற்று, வேறு இதழ்களும் கேட்டன. மில் வேலையை விட்டேன். இன்றைக்கு வீடு ஓடுவது இந்த எழுத்தில்தான்.

ஆனால் பயம் விடவில்லை. ஆசிரியரின் பெயர் போனில் வரும்போதெல்லாம், இன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டே எடுப்பேன். நீங்கள் இன்ஜினியரிங்கா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லித் தொலை என்று உன்னிடம் எவ்வளவு கெஞ்சியிருப்பேன். "சொல்லிக்கலாம், இப்ப இன்னா அவசரம்" என்று டீயை ஆற்றிக்கொண்டே சிரிப்பாய். போன ஆவணியில் ஒரு நாள் காலையில் மாரடைப்பில் நீ போய்விட்டாய். அழுது ஓய்ந்த பிறகு, அந்தப் பொய்யை இனி நான் ஒருத்தியாகக் காப்பாற்ற வேண்டுமே என்றுதான் முதலில் நினைத்தேன். கோபித்துக்கொள்ளாதே, அப்படித்தான் தோன்றியது.

போன வாரம் ஆசிரியர் கூப்பிட்டார். வாசகர்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் நேரலையாம். பதில் சொல்ல இரண்டு மென்பொருள் பொறியாளர்கள், கூடவே நான். எழுதும்போது யாரையாவது கேட்டுக்கொள்ளலாம், நேரலையில் யாரிடம் ஓடுவது? அங்கே உளறினால் பெயரும் போகும், பிழைப்பும் போகும். வியாழக்கிழமை ஒத்திகைக்கு ஆசிரியரும் நானும் மட்டும் வீடியோவில் வந்தோம். அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து, நான் தமிழ் படித்தவள், தொழில்நுட்பம் எனக்கு எதுவும் தெரியாது, அன்று என் சிநேகிதி சொன்னது பொய் என்று கொட்டிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது எனக்குத் தெரியுமேம்மா. அன்னைக்கு சாயந்திரமே உங்க ஃப்ரெண்ட் போன் பண்ணிச் சொல்லிட்டாங்களே" என்றார்.

நீ பேசியதை உன் இழுப்போடு அப்படியே சொல்லிக் காட்டினார். "மேடம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுத மாட்டா. புரியற வரைக்கும் கேட்டுகினே இருப்பா. இஷ்டம்னா வச்சிக்கோங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ரோஷக்காரி, தெரிஞ்சா எழுதவே மாட்டா."

இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? புடவை விற்பதிலும் நீ அப்படித்தானே. லைவில் வானத்துக்கும் பூமிக்குமாகப் புகழ்வாய். பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னதும், பார்சல் கட்டுவதற்கு முன் தனியாகப் போன் போட்டு, முந்தானை ஓரத்தில் ஓர் இழை விட்டிருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்பாய். அதைக் கேட்ட பிறகு வேண்டாம் என்றவர்கள் குறைவு. என்னையும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறாய்.

பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை வருஷம் நான் வியர்த்துக் கொட்டியதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்கிறாய். ஆனால் நீ சொன்னதும் நிஜம். அப்போதே தெரிந்திருந்தால் ரோஷத்தில் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன், மில்லில் பில் போட்டுக்கொண்டே இருந்திருப்பேன். திட்ட ஆரம்பித்தவள் சிரித்துவிட்டேன். முதுகிலிருந்து நெல் மூட்டையை இறக்கிப் போட்டது போல இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை நேரலையில் பெரணமல்லூர்க்காரர் ஒருவர், பழைய போனை விற்கிறேன், அதில் அழித்த படங்களை வாங்குகிறவர் திரும்ப எடுத்துவிடுவாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பொறியாளர் ஒருவர் விளக்கினார், அதுவும் புரியவில்லை என்றேன். புரியும்வரை விடாமல் கேட்டேன். பெரணமல்லூர்க்காரருக்கும் அப்போதுதான் புரிந்ததாம்.

இன்று காலை இன்வெர்ட்டர் பேட்டரி பற்றி ஒரு கட்டுரை அனுப்பினேன். மதியம் சாப்பிட்ட பிறகு மனசு கேட்கவில்லை. ஆசிரியருக்குப் போன் போட்டு, கடைசிக்கு முந்தின பத்தி எனக்கே முழுசாகத் தெளிவில்லை, யாரிடமாவது காட்டிவிட்டுப் போடுங்கள் என்றேன். "ஒரு நிமிஷம் உங்க ஃப்ரெண்டுதான் பேசறாங்கன்னு நினைச்சிட்டேன்மா" என்றார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.